செத்ததையும் எண்ணு

பவளத் துண்டுகளை இரும்புச் சட்டத்திலும் சிமெண்டுக் கட்டையிலும் கட்டிக் கடலடியில் வைப்பது எங்கள் வேலை. செத்த துண்டைக் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கி எறிந்துவிடுவோம். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான். எத்தனை பிழைத்திருக்கிறது என்று அளக்க வந்த ஆய்வாளரம்மா போன தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

"செத்ததையும் விட்டு வைங்க. அதையும் எண்ணினாத்தானே எந்த முறை தேறுதுன்னு தெரியும்?"

விட்டு வைத்தோம். கோடை வெக்கையில் இரும்புச் சட்டத்தில் இருந்தவை பாதிக்கு மேல் வெளுத்துச் செத்தன. ஆய்வாளரம்மா மறுபடி அளக்க வருவதற்கு முந்தின நாள், மேஸ்திரி எங்களோடு படகில் ஏறினார்.

"சட்டத்துல செத்ததெல்லாம் புடுங்குங்க. அந்தப் பக்கம் பழைய பாறையில உசிரோட இருக்குல்ல, அதை உடைச்சுக் கட்டுங்க."

எனக்குக் காதுவலி. விரலெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. வாய்க்கு மட்டும் ஒரு கேடும் இல்லை.

"பொழச்சிருக்கறத கொன்னு செத்ததுக்கு உசிர் காட்டணுமா? நல்ல வைத்தியம்!"

"நாலு எழுத்து படிச்சதும் நாக்கு நீண்டுடுச்சு. சட்டம் தேறலேன்னா அடுத்த வருஷம் உனக்கு ஏதுடி வேலை?"

"டி போடாதீங்க."

கூட வேலை செய்யும் அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள். "சும்மா இரு. வீட்டுல அடுப்பு எரியணும்."

"எரியட்டும் அண்ணி. அதுக்காக வருஷா வருஷம் சாகறதையே கட்டிக்கிட்டு முதுகு ஒடியணுமா?"

பாறை உடைக்கும் உளி அடியில் சிக்கும்படி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி."

"மாட்டேன்."

மேஸ்திரி அண்ணியைப் பார்த்தார். "நீயாவது இறங்கு."

அதுவரை தும்மல்கூடப் போடாத அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "சளிங்க. மூழ்கினா காது கிழிஞ்சிடும்."

மேஸ்திரிக்கு நீச்சல் தெரியாது. படகு கரைக்குத் திரும்பியது.

மறுநாள் காலையில் மேஸ்திரி கரையில் வழிமறித்தார். "நீ ஏறாத. உனக்கு வேலை இல்ல."

"வேலைதானே இல்ல, கடல் இருக்கே" என்று ஏறினேன். ஆய்வாளரம்மா நகர்ந்து இடம் விட்டார். செத்த சட்டத்துக்குத்தான் முதலில் கூட்டிப் போனேன். ஒன்றுவிடாமல் தொட்டு எண்ணினார். மேலே வந்து மூச்சு வாங்கினார்.

"இரும்பு தேறல. சிமெண்டு பரவால்ல. இந்தச் சட்டத்தை யார் கட்டினது?"

படகில் இருந்த மேஸ்திரி என் பக்கம் கை நீட்டுவதற்குள் நானே சொன்னேன்.

"நான்தாம்மா. செத்ததும் என் கைவேலைதான். எழுதிக்குங்க."