எதிராளி வீதிக்குப் போன மின்சாரம்

மாட்டுத் திருவிழாவில் துணி மாடுகளின் ஆட்டப் போட்டி தொடங்கப் போகிறது. பாரின்டின்ஸ் ஊரே இரண்டாகப் பிளந்து கிடந்தது, பாதி சிவப்பு மாட்டின் பக்கம், பாதி நீல மாட்டின் பக்கம். மின்கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரைக்கு முன்னால் இருந்த எவாண்ட்ரோ பிறந்ததிலிருந்து நீலம். பக்கத்து நாற்காலியில் நெல்மா, சிவப்பு. மற்றவர் மாட்டின் பெயரை இருவரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். ‘எதிராளி’ என்பதோடு சரி.

திரையில் ஊரின் படம். ஓடுகிற மின்சாரத்துக்குத் தக்கபடி வட்டங்கள் பெரிதாகும், சுமை தாங்காத இடம் சிவக்கும். “எங்க நெறம்தான் ஆபத்தோட நெறமா?” என்று நெல்மா ஒருநாள் சண்டைக்கு வந்தாள். அவளைச் சமாதானப்படுத்த அவள் வட்டாரம் முழுவதையும் சிவப்பாகவும், அவன் வட்டாரத்தை நீலமாகவும் பூசிவிட்டார்கள். எச்சரிக்கைச் சிவப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை.

“எங்க பக்கம் எப்படி ஜொலிக்குது பாருங்கண்ணே. உங்க பக்கம் தூங்குது.”

“ஜொலிக்கட்டும். ஆட்டத்துல பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சிவப்புக்குள் சிவப்பு எப்படித் தெரியும்? வண்ணங்களை எல்லாம் அழித்தான். திரையில் ஊர் சாம்பல் நிறமானது. ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவப்பாகவே நின்று வீங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மாடு புறப்படுகிற வீதியின் டிரான்ஸ்பார்மர் அது.

அது எரிந்தால் வீதி இருட்டு. நாற்காலியில் இருந்தது நீலக்காரன். வேண்டுமென்றே கெடுத்தான் என்பார்கள், சாகும்வரை சொல்லுவார்கள்.

“நெல்மா, பாதிச் சுமைய எங்க பக்கத்துக் கம்பிக்கு மாத்தணும். நீயும் பொத்தான அழுத்து.” இருவரும் அழுத்தினால்தான் இணைப்பு மாறும்.

“எதிராளி கரண்டுல எங்க மாடு ஆடணுமா?”

“இருட்டுல ஆடட்டும்னா உட்காந்திரு.”

அவள் அவனைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அவனும் அழுத்தினான்.

சிவப்பு வட்டம் சுருங்கியது. நீலப் பக்கத்து வட்டம் ஒன்று குடமாய்ப் பெருத்து, சுமையின் எல்லைக் கோட்டை முட்டி நின்றது. கோட்டைத் தாண்டாமல் நிலைத்தது. வெளியே மேளம் எழுந்தது, சிவப்பு மாடு புறப்பட்டுவிட்டது, ஒரு விளக்கும் கண்சிமிட்டவில்லை. நெல்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

செல்போன் அடித்தது. அவன் மனைவி லெனீரா.

“ஏங்க, நம்ம வீதியில ஃபேன் மெதுவா சுத்துது. எதிராளி வேலையா?”

நெல்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இல்லடி,” என்றான் எவாண்ட்ரோ, “என் வேலைதான்.”



“வீட்டுக்கு வா,” என்றாள் லெனீரா, “சொல்றேன்.”