பிள்ளைக்குள் போகாத தூசி

கல் உடைக்கும் ஆலையில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எக்ஸ்ரே படம் புதிதல்ல. நுரையீரலில் வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அது கல்தூசி. கூட வேலை பார்த்த மூன்று பேரை அந்த வெள்ளைதான் மூச்சிரைக்கப் படுக்கையில் தள்ளியது. ஆகவே ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா, "பிள்ளையோட இடது நுரையீரல்ல வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. இதயத்தைக் கொஞ்சம் தள்ளியிருக்கு. இன்னும் பெருசானா நெருக்கும். நாலு வாரம் கழிச்சு வாங்க" என்றதும் அவனாகவே முடிவு கட்டிவிட்டான். எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று முதல் ஆலையிலேயே குளித்தான். வீட்டில் தனியாகப் படுத்தான். பெண்டாட்டி பக்கத்தில் வந்தால் நகர்ந்தான்.

"என்னைக் கண்டாலே ஓடுறியே, குறையுள்ள பிள்ளையச் சுமக்கிறேன்னு வெறுப்பா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். அவன் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தன்னால்தான் வந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாலு வாரம் கழித்து ஸ்கேன் அறை வாசலிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க. அங்கிருந்து என்ன தெரியும்?" என்றார் டாக்டரம்மா.

"வேணாங்க. எம்மேல கல்தூசி. பிள்ளைக்குள்ள போனவரைக்கும் போதும்."

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "அட மடமனுஷா! இதுக்கா இத்தனை நாளா என்னை அழவிட்டே?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வயித்துப் பிள்ளை காத்தையே இழுக்காதுங்க. அது நுரையீரல் முழுக்கத் தண்ணிதான். இந்தத் திட்டு, நுரையீரல் உருவாகும்போதே ஒரு பகுதி சரியா அமையாததால வந்தது. நீங்களும் காரணமில்ல, அவங்களும் காரணமில்ல."

அவன் உள்ளே வந்தான். திரையில், நெரிசலான பஸ்ஸில் ஓரமாக ஒடுங்கி நிற்கிறவனைப் போல, சின்ன இதயம் வலப்பக்கம் ஒதுங்கித் துடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அளந்தார். மறுபடி அளந்தார்.

"பெருசாகல. கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கு. உடம்புல எங்கயும் வீக்கமா நீர் கோக்கல. பிறந்தப்புறம் இன்னொரு படம் எடுக்கணும். ஆபரேஷன் தேவைப்படலாம், படாமலும் போகலாம். இப்போதைக்கு நல்ல சேதி."

அவர் எழுதப் போனதும், பெண்டாட்டி டிஷ்யூ தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள். வயிறு முழுக்க ஸ்கேன் பசை.

"தொடச்சு விடு."

வெடித்துக் காய்ப்பேறிய தன் விரல்களைப் பார்த்துத் தயங்கினான். பிறகு துடைத்தான்.

"மெதுவாய்யா, செவுத்தையா தேய்க்கிறே?" என்றாள்.

பசை போன பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.