நாலாம் மாடி

புது லிஃப்ட் வாய் பேசும். எந்த மாடி என்று கேட்கும், சொன்னால் தானே ஏறும், தானே இறங்கும். இத்தனை கெட்டிக்காரப் பெட்டிக்குள் முக்காலி போட்டு ஒரு மனுஷன் எதற்கு? ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. லிஃப்ட்டுக்காரர் தேவையா இல்லையா என்று பார்த்து எழுத ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தார்கள். அவர் காலையிலிருந்து மூலையில் நின்று குறித்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலை போனால் லிஃப்ட்டுக்காரருக்கு வேறு போக்கிடம் இல்லை. மனைவி போய் மூன்று வருஷம். வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும். இங்கே மட்டும் என்ன வாழ்ந்ததாம்! ஏறுகிறவர்கள் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு லிஃப்ட்டோடு பேசினார்கள். அவரை ஏறெடுத்துப் பார்ப்பவள் ஒருத்திதான். நாற்பது நாளாகப் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண். உள்ளே வந்ததும் அவர் நாலை அழுத்துவார். இறங்கும்போது "வரேண்ணே" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் ஒரு நாளை ஓட்டிவிடுவார்.

பத்து மணிக்கு அவள் வந்தாள். பழக்கதோஷம், விரல் நாலை அழுத்திவிட்டது. அப்புறம்தான் கவனித்தார், அவள் கையில் சாப்பாட்டுப் பை இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் இரண்டைத் தாண்டிவிட்டது.

"ரெண்டாம் மாடிண்ணே. ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். அவர் விடியக்காலைல போயிட்டாரு."

நாலாம் மாடியில் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று லிஃப்ட்டுக்காரர் கூனிக்குறுகிப் போனார்.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி. "கேட்டுட்டுப் போற மெஷின் இந்தத் தப்பைப் பண்ணாது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருந்தா நான் மேல வந்திருக்கவே முடியாது சார். வாயைத் திறந்தா அழுதுடுவேன். இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேக்காம என்னைக் கொண்டுபோய் விட்டது இந்த அண்ணன்தான். எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டாம் மாடியில் இறங்கியவள் திரும்பிப் பார்த்து, "போறேண்ணே" என்றாள்.

சாயங்காலமே உத்தரவு வந்தது. முக்காலி இருக்கலாம், மனுஷனும் இருக்கலாம்.

மறுநாள் பத்து மணிக்குக் கதவு திறந்தபோது அவர் விரல் நாலுக்குப் போய்விட்டது. உள்ளே வந்தவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்து "ஆறு" என்றான்.