வீடு பார்க்கப் போனவன்

தவநேசனுக்கு மட்டக்களப்பு டவுன் என்றால் உயிர். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவன் குடியிருந்ததோ திராய்மடுப் பக்கத்து வீட்டுத்திட்டத்தில், அக்கா யோகத்தின் வீட்டில். சுனாமிக்குப் பிறகு நாவலடிக் கரைச் சனத்துக்கென்று கட்டிக்கொடுத்த வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே நிறம். குடிவெறியில் வருபவன் மட்டுமில்லை, நல்ல புத்தியோடு வருபவனும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவான். பொழுதுபட்டால் மூச்சுப்பேச்சு இருக்காது. ஒரு தேத்தண்ணிக் கடைகூடக் கிடையாது. நேசனோ நாலு பேரோடு வாய் கொடுக்காவிட்டால் சோறு இறங்காத ஆள்.

வேலை டவுனுக்குள், புளியந்தீவில், சந்தைக்குப் பின்னால், மஜீட் காக்காவின் தையல் கடையில். காலையில் பஸ் பாலத்தைத் தாண்டும்போதே அவன் முகம் மலர்ந்துவிடும். பேக்கரியில் பாண் இறக்கும் வாசம், லொத்தர்ச் சீட்டு விற்பவனின் ஒலிபெருக்கி, ஒரே பேப்பரை நாலாகப் பிரித்து வாசித்து நாலு விதமாகச் சண்டை பிடிக்கிற தேத்தண்ணிக் கடைக்காரர்கள். அந்தச் சண்டை எல்லாவற்றிலும் நேசனுக்கு ஒரு பங்கு உண்டு. காற்சட்டைக்கு இடுப்பளவு எடுக்கிற நேரத்துக்குள் வந்தவரின் வீட்டுச் சங்கதி முழுவதையும் கறந்துவிடுவான்.

ஆனால் ஆறு மணிக்குக் கடைசி பஸ். அந்த ஆறு மணிதான் அவன் தலையெழுத்து.

அந்தத் தலையெழுத்தை எழுதியது கடல். சுனாமி வந்த வருடம் கிறிஸ்மஸுக்கு, எங்கள் நத்தாருக்கு, உடுப்புத் தைக்கக் கொடுத்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்துக் களைத்துப்போய், நத்தாரன்று பகல் முழுக்கக் கடைக்குள் தூங்கி, கடைசி பஸ்ஸையும் தவறவிட்டு, அன்றிரவும் கடைக்குள்ளேயே படுத்துவிட்டான். விடிந்தது ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தது. நாவலடியில் அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. யோகம் ஒரு பூவரச மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியவள். அதன் பிறகு தம்பியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இருட்டுப்பட முதல் வீட்டுக்கு வந்துவிடு. அத்தான், அவள் புருசன், வேலைக்கென்று கட்டார் நாட்டில். பிறகு நாட்டுச் சண்டையும் கூடியது. சுற்றிவளைப்பு, ஆள் பிடிப்பு, வீட்டை விட்டுப் போனவன் திரும்பாத கதைகள். அக்கா கேட்டது சட்டமாகிவிட்டது. நேசனும் ஒரு நாள்கூட மீறவில்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம் டவுன் வேறு விதமாக மாறத் தொடங்கியது. பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ் சனத்தை இறக்கி ஏற்றிச் சோதிப்பது நின்றது. ஆறு மணிக்கு இழுத்து மூடிய கடைகள் ஆறு மணிக்கு லைட் போட்டன. வாவிக்கரை வீதியில் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்கப் போனார்கள். ஐஸ்கிறீம் கடை ஒன்றும் திறந்தார்கள். நேசன் இதையெல்லாம் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போவான். கலியாண வீட்டுப் பந்தல்வரை வந்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிறவனின் எரிச்சல் அவனுக்கு. ஆறு மணிக்குப் பிறகு தன்னுடைய டவுன் என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

மஜீட் காக்காதான் ஒரு நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"டேய் நேசன், ஒவ்வொரு நாளும் அஞ்சரைக்கு உன்ட மூஞ்சியப் பார்க்க ஏலாம கிடக்குடா. பக்கத்து ஒழுங்கைல இலட்சுமிப்பிள்ளை அக்காட ஊட்டு முன்னறை சும்மாதான் பூட்டிக் கிடக்கு. ரோட்டுப் பக்கம் தனிக் கதவு. வாடகைக்குக் கேட்டுப் பாரன்."

நேசனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அன்று தைத்த காற்சட்டை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இடது கால் வைத்துத் தைத்துவிட்டான். வீட்டுக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே அக்காவிடம் சொன்னான்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குள்ள ஒரு வீடு பார்க்கப் போறன்."

அங்கேதான் பிழை விட்டான். மட்டக்களப்பில் வீடு என்றால் அது பொம்பிளைப் பிள்ளைக்குரியது. தாயின் வீடு மகளுக்குப் போகும். அவளைக் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வருவான். ஒரு இளந்தாரி வீடு பார்க்கப் போகிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வாடகை என்ற சொல்லை நேசன் சொல்லியிருக்க வேண்டும். சந்தோசத்தில் அதை விழுங்கிவிட்டான்.

யோகம் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"ஆர்ர வீடு?"

"மஜீட் காக்கா சொன்னவர். இலட்சுமிப்பிள்ளை எண்டு ஒரு அம்மா."

"அவக்கு மகள் இருக்கா?"

"இருக்காம். படிப்பிக்கிறாவாம்."

முப்பத்தாறு வயதுவரை கலியாணப் பேச்சை எடுத்தாலே எழும்பிப் போகிற தம்பி, தானாக வாயைத் திறந்து வீடு பார்க்கப் போகிறேன் என்கிறான். யோகம் சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒழுங்கையில், அதே சின்னத் தெருவில் இருந்த ஒரு மச்சாளுக்குப் போன் போட்டாள். அந்த மச்சாள் இலட்சுமிப்பிள்ளைக்குச் சொன்னாள். அத்தோடு ஒழுங்கைக்கே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சரிகைச் சேலை உடுத்து, ஒரு சீப்புக் கதலிப்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு கூட வந்தபோது, நேசன் உருகிப்போனான். தனியாகப் போகவிட மாட்டாள் என்று பயந்திருந்தவன் அவன். 'அக்காக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு' என்று நினைத்துக்கொண்டான்.

ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலால் தலைகள். நேசன் எல்லாருக்கும் சிரித்தான். டவுன் சனம் நல்ல சனம் என்றும் நினைத்துக்கொண்டான்.

இலட்சுமிப்பிள்ளை வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்காலிக்குப் புது உறை. மேசையில் பயத்தம் பணியாரம், முறுக்கு, கேக். வாடகைக்கு வருபவனுக்கு இந்த உபசாரமா என்று நேசன் திகைத்தாலும், கேக்கை எடுக்கத் தயங்கவில்லை.

"இரிங்க மகன். மறுகா, என்ன குடி?"

கலியாணம் பேசும்போது எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது குடி. தாய் வழியாக வருகிற வம்சம். ஒரே குடிக்குள் கட்ட மாட்டார்கள். ஆனால் அறை கேட்டு வந்தவன் காதில் அந்தக் கேள்வி வேறு மாதிரித்தான் விழுந்தது. வீட்டுக்காரர்கள் குடிகாரர்களுக்குப் பயப்படுவது நியாயம்தானே.

"குடி ஒண்டுமில்லம்மா," என்றான் நேசன், கேக்கை விழுங்கிக்கொண்டு. "நத்தாருக்கு மட்டும் மஜீட் காக்காக்குத் தெரியாம ஒரு கிளாஸ்."

யோகம் அவன் துடையில் கிள்ளினாள். "அவன் பகிடி விடுறான். நாங்க உலகிப்போடி குடி."

"அப்ப பொருத்தம்தான், நாங்க கலிங்க குடி," என்று இலட்சுமிப்பிள்ளை சிரித்தார். "பகிடிக்காரன் எண்டா நல்லம். வீட்டப் பாருங்க மகன்."

நேசன் முன்னறையைப் பார்த்தான். சின்ன அறைதான். ஒரு பக்கக் கதவு ஒழுங்கைக்கு. யன்னலைத் திறந்தால் ஒழுங்கை முடிவில் வாவித் தண்ணீர் ஒரு துண்டு தெரிந்தது. மறுபக்கம் பேக்கரியின் புகைக்கூண்டு. எங்கோ ரேடியோ பாடியது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சைக்கிள் மணி ஒன்று அடித்துக்கொண்டு போனது. வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது.

"பிடிச்சிருக்கா?"

"சரியாப் பிடிச்சிருக்கம்மா. நாளைக்கே வரச் சொன்னாலும் வாறன்."

யோகம் வெட்கத்தில் குனிந்தாள். இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"எங்களிட்ட வேற ஒண்டும் இல்ல மகன். காசு கீசு தர வழியில்ல. இந்த வீடு மட்டும்தான்."

"நீங்க ஏன் தரணும்? நானல்லவா மாசாமாசம் தரணும்!"

இலட்சுமிப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தார். மாப்பிள்ளை மாதாமாதம் மாமிக்குக் காசு கொடுக்கிறேன் என்று முதல் நாளே சொல்கிற அதிசயத்தை அவர் தன் சீவியத்தில் கேட்டதில்லை. யோகம் இந்த முறை இரண்டு கையாலும் கிள்ளினாள்.

அப்போது உள்கதவால் மகள் மேனுகா வந்தாள். தட்டும் கையுமாக, தலை குனிந்து வருவாள் என்று பார்த்தால், கையில் தட்டும் இல்லை, தலையும் குனியவில்லை. இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒண்டு கேக்கட்டா? நீங்க பார்க்க வந்தது வீட்டையா, என்னையா?"

நேசன் அக்காவைப் பார்த்தான். சரிகைச் சேலையைப் பார்த்தான். பழம், வெற்றிலை, வேலிக்கு மேலால் தெரிந்த தலைகள். ஒவ்வொன்றாக உறைத்தது. வாயில் இருந்த கேக் அப்படியே நின்றது.

"வீட்ட," என்றான். "அறைய. வாடகைக்கு."

யோகம் மெல்லக் கேட்டாள்.

"அப்ப... கலியாணம் இல்லையா? சும்மா என்னை விட்டுட்டுப் போறியா?"

அந்தக் கேள்விக்கு நேசன் ஆயத்தமாக வரவில்லை. மாப்பிள்ளையாகப் போகிற தம்பியைச் சந்தோசமாக வழியனுப்புவாள். சும்மா போகிற தம்பியைப் பறிகொடுத்ததாகத்தான் எடுப்பாள். அக்கா தலையாட்டாவிட்டால் இந்த அறை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியவளை அழவைத்துவிட்டு எந்த டவுனிலும் அவனால் சிரித்துக்கொண்டிருக்க முடியாது.

"விட்டுட்டுப் போகல்லக்கா," என்றான். "அம்மாட வீட்டில இருந்தன். இப்ப உன்ட வீட்டில இருக்கன். கட்டினா பொஞ்சாதிட வீட்டில இருப்பன். எனக்கெண்டு ஒரு கதவத் திறக்க ஒரு திறப்பு ஒரு நாளும் என்ட கையில இருந்ததில்ல. எனக்கு இந்த டவுன் எண்டா விருப்பம். நான் விரும்பின இடத்தில ஒருக்கா இருந்து பார்க்கணும். இவ்வளவுதான். நீ வேணாமெண்டா வேணாம். ஆறு மணி பஸ்ஸில வாறன்."

பேசியது மேனுகா.

"அம்மா, எத்தனை பேர் வந்து இந்தச் சுவரத் தட்டிப் பார்த்தவங்க, கிணத்த எட்டிப் பார்த்தவங்க. எல்லாரும் என்னைப் பார்க்க வந்ததெண்டுதான் சொன்னவங்க. வீட்டப் பார்க்க வந்ததெண்டு நேர்மையாச் சொன்ன ஆள் இவர் ஒருத்தர்தான்."

"சனம் என்னகா சொல்லும்? குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில..."

"சனம் நேத்தே எல்லாம் சொல்லி முடிச்சிட்டுது. வீடு என்ட பேரில. நான் அறைய வாடகைக்குக் குடுக்கன்." பிறகு யோகத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "நீங்க ஓமெண்டாத்தான் அக்கா."

யோகம் எழும்பினாள். முன்னறைக்குள் தனியாகப் போனாள். எல்லாரும் வெளியே காத்து நின்றார்கள். உள்ளே யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. நேசனுக்குப் பயம் பிடித்தது. யன்னலால் தண்ணீர் தெரியும். அக்கா கடற்கரைக்குப் போய் வருடக்கணக்கு. வாவிப் பாலத்தில் பஸ் போகும்போதுகூட மடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. வீட்டில் சண்டை பிடிக்கிற அதே குரல்.

"இந்த யன்னலுக்குக் கொளுக்கி சரியில்ல! ராவையில காத்துக்கு அடிபடும். ஆர் இதத் திருத்துற?"

"நான் திருத்துறன்," என்று நேசனும் மேனுகாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இலட்சுமிப்பிள்ளை இருவரையும் ஒரு தரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டைப் பத்திரமாக உள்ளே எடுத்து வைத்தார். அவர் நம்பிக்கை அவருக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை நேசன் வந்து இறங்கினான். ஒரு சூட்கேஸ், ஒரு பாய், ஒரு ரேடியோ. சட்டி பானை, தேங்காய் துருவி, மிளகாய்த்தூள் எல்லாம் யோகம் சுமந்து வந்தாள். அறையைக் கூட்டினாள், பால் காய்ச்சினாள், கொளுக்கியை ஆட்டிப் பார்த்தாள். மேனுகா திறப்பை நேசனின் கையில் வைத்தாள். துருப்பிடித்த பழைய சாவி. அவன் அதைச் சேர்ட் பையில் போட்டான், பிறகு எடுத்தான், பிறகு காற்சட்டைப் பையில் போட்டு, மேலால் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆறு மணிக்கு அக்காவை பஸ் ஏற்ற வந்தான். கண்டக்டர் இராசதுரை மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வழக்கம்போலக் கத்தினார்.

"நேசன்! ஏறு ஏறு! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?"

நேசனின் கால் பழக்கதோசத்தில் மிதிபலகைக்குப் போய்விட்டது. போன காலை எடுக்க ஒரு கணம் அவனால் முடியவில்லை. யன்னலோரத்தில் அக்கா இருந்தாள். அவள் ஒரு சொல் கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பான். அது அவளுக்கும் தெரியும்.

யோகம் யன்னலால் தலையை நீட்டினாள்.

"அவன் வரமாட்டான். நீங்க பஸ்ஸ எடுங்க. அவன்ட வீடு இஞ்ச."

"ஆர்ர வீடு?" என்றார் இராசதுரை. ஒரு ஆம்பிளைக்கு வீடு என்று யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

"அவன்ட வீடெண்டன்! காது கேக்கல்லையா?"

பஸ் வெளிக்கிட்டது. அக்கா கையை ஆட்டிக்கொண்டே போனாள். பாலத்தில் ஏறும்போதும் அவள் தலை யன்னலுக்கு வெளியேதான் இருந்தது. இந்த முறை மடியைப் பார்க்கவில்லை. பஸ் மறையும்வரை நேசன் நின்றான். கண்ணைத் துடைத்தான். பிறகு பையில் திறப்பு இருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்தான்.

சந்தைப் பக்கம் லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பற்றத் தொடங்கின. தேத்தண்ணிக் கடையில் யாரோ பேப்பரை விரித்துச் சண்டையைத் தொடக்கியிருந்தார்கள். ஆறு மணிக்குப் பிறகு டவுன் என்ன செய்கிறது என்று பார்க்க நேசன் நடக்கத் தொடங்கினான்.