ஏழாவது கட்டம்

கடலோரக் காவலுக்கு ஆள் அனுப்பச் சொல்லி உத்தரவு வரும் நாளில் எனக்குக் குறைந்தது ஐந்து டீ கிடைக்கும். மற்ற நாட்களில் என்னைக் கண்டுகொள்ளாத போலீஸ்காரர்கள்கூட, "வாஜித் சார், சாப்டீங்களா?" என்று விசாரிப்பார்கள். கள்ளக்குறிச்சியில் கடலே கிடையாது. ஆனாலும் கடலுக்கு நாங்களும் ஆள் கொடுக்க வேண்டும். யார் பெயர் என்பது எஸ்.பி. ஆபீஸ் கிளார்க்கான என் பேனாவில் இருந்தது. அதை நான் எப்படிப் பிடித்தேன் என்று சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரே ஓர் ஆள் கேட்டார்கள். வரிசைப்படி போக வேண்டியவன் சுஐப், என் தங்கை அப்ரினின் புருஷன். அவனும் போலீஸ்காரன்தான். அப்போது கல்யாணமாகி நான்கு மாதம். அப்ரின் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அண்ணே, அவர மட்டும் கடலுக்கு அனுப்பிடாதண்ணே. நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லாத."

படிவத்தில் ஏழாவது கட்டம், நீந்தத் தெரியுமா என்பது. தெரியாதவரை விட்டுவிட்டு அடுத்தவரை அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரிக் கட்டங்களுக்காக யாரையும் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் இல்லை. ஊர்ப் பெயரைப் பார்த்து நாங்களே நிரப்பிவிடுவோம். கோமுகி அணையில் மீன்போல நீந்துகிற சுஐப்புக்குத் 'தெரியாது' என்று எழுதினேன். அடுத்த பெயர் கண்ணுசாமி, ஊர் மலைமேல் இருக்கும் கரியாலூர். அங்கேதான் அருவி இருக்கிறதே என்று 'தெரியும்' என்று எழுதினேன். அருவியில் தலையைக் கொடுத்து நிற்கலாம், நீந்த முடியாது. குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு வந்த எனக்கு இது தெரியாமலில்லை. மலைக்காரருக்காகப் பேச ஆபீசில் ஒருவரும் இல்லை என்பதும் தெரியும்.

போன வாரம் புது உத்தரவு வந்தது. இனி ஆளை மாற்றி மாற்றி அனுப்பும் வேலை இல்லையாம், கடலுக்கென்று நிரந்தரப் படையாம். இப்போது அங்கே இருப்பவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தெரியாதவர்கள் திரும்பலாம், வரிசையில் அடுத்து இருக்கும் நீந்தத் தெரிந்தவர்கள் அவர்கள் இடத்துக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை கண்ணுசாமியே வந்துவிட்டார். இளைத்திருந்தார். ஒரு பை கருவாட்டை என் மேசையில் வைத்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார். எவனோ தெரியும்னு எழுதிட்டான். போட்ல கயித்தப் புடிச்சிக்கினு நின்னுக்கினு இருந்தேன். ஒரு ஆட்டு ஆட்டுச்சி, உள்ள போய்ட்டேன். மீன்புடிக்கிறவங்க முடியப் புடிச்சித் தூக்கனாங்க. அன்னைலேர்ந்து ஒரு காது கேக்கல."

"வூட்ல இன்னா சொல்றாங்க?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"எம் பொண்டாட்டி வெள்ளச்சி தனியாத்தான் சாமை அறுத்துக்கினு கெடக்குறா. கடல யாராச்சும் தூக்கினு பூடுவாங்களா, அதுக்கு இன்னாத்துக்குக் காவலுன்னு கேக்குறா." சிரித்தார். பிறகு கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார். "நீங்களே ஒரு மனு எழுதிக் குடுங்க சார். நீங்க எழுதுனா தப்பு வராது."

எழுதினேன். 'யாரோ தவறுதலாகக் குறித்துவிட்டபடியால்' என்று என் கையாலேயே எழுதினேன். அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுக்குப் பதில் என்னை ஓர் அறை விட்டிருக்கலாம்.

கண்ணுசாமியின் கட்டத்தைத் திருத்தினால் சுஐப்பின் கட்டத்தையும் திருத்தியாக வேண்டும். இல்லையென்றால் அவன் இடத்தில் மறுபடி வேறொருவர் போவார். அப்ரினிடம் இப்போது இரண்டு வயதுக் குழந்தை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, படிவத்தையும் கருவாட்டையும் பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கருவாட்டை வறுத்துச் சோற்றோடு வைத்தாள். நான் கருவாட்டைத் தொடவில்லை. சுஐப் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"சூப்பரா இருக்கு மச்சான். யாரு குடுத்தாங்க?"

"உனக்குப் பதிலா கடலுக்குப் போனவரு."

அப்ரின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அன்று அவள் வந்து கேட்டதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணுசாமியின் காது வரைக்கும். சுஐப் தட்டைத் தள்ளி வைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே நான் போயிருப்பேனே மச்சான்," என்றான்.

அப்ரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என் முகத்தை அவளும் பார்க்கவில்லை, அவள் முகத்தை நானும் பார்க்கவில்லை. சுஐப் கை கழுவிவிட்டு வந்து படிவத்தைக் கேட்டான். அவன் பெயருக்கு நேரே ஏழாவது கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் 'தெரியும்' என்று எழுதினான். எழுத்து அவனுடையது, பேனா மட்டும் என்னுடையது.