செத்தவர்களுக்குத் தடையில்லை

1938ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலாயாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பாகாட் என்ற ஊரின் ஆற்று முகத்தில் பாய் கிழிந்த படகு ஒன்று நங்கூரமிட்டது. ஜப்பானியப் படை அமோய் துறைமுகத்தைப் பிடித்தபோது உயிர் தப்பி ஓடிவந்த சீனக் குடும்பங்கள் அதில் இருந்தன. ஒரு கப்பல் அவர்களைச் சிங்கப்பூர்வரை ஏற்றிவந்தது. அங்கே இறங்க விடவில்லை. சீனர் வரவுக்கு அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருந்தது. புதிதாகப் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். வரம்பு நிறைந்துவிட்டதாம். ரியாவ் பக்கத்துத் தீவொன்றில் ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்து, கரையோரமாகவே ஊர்ந்து இங்கே வந்து சேர்ந்தார்கள். இங்கேயும் அதே பதில்தான்.

படகில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று செய்தி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி தவமணிதேவியை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலிருந்து வந்து மலாயாவில் வேலை பார்ப்பவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். துறைமுக அதிகாரி ஹாலம் துரை அவளைத் தன் விசைப்படகில் அழைத்துப் போனார். வழியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் வேண்டாமென்றாள்.

படகின் அடித்தட்டில் நிமிரவே முடியவில்லை. வாந்தியும் மூத்திரமும் அழுகிய மீனும் கலந்த வாடை. அந்தப் பெண் நனைந்த சாக்கின்மேல் கிடந்தாள். கால் வீங்கி, முகம் வெளுத்து, கண் அரைவாசி மூடியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடப்பதைத் தவமணி தொட்டவுடனே அறிந்துகொண்டாள். அருகில் மண்டியிட்டிருந்த புருஷன் சந்தை மலாய் பேசினான். பெயர் லிம் ஆ செங். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை இதே ஆற்றின் மேலே இருக்கும் ஜப்பானியர் இரும்புச் சுரங்கத்தில் மண் வெட்டியவன். கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவன். அவன் வெட்டிய மண் ஜப்பானுக்குத்தான் போனது. அது குண்டாகித் திரும்பி வந்ததை அவன் தன் தெருவிலேயே பார்த்துவிட்டான்.

தவமணி மேலே வந்து துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உடனே."

"முடியாதே, மிஸ் தவமணி. அவள் கரையில் கால் வைத்தால் வந்தவள் ஆகிவிடுவாள்."

"வைக்காவிட்டால் செத்தவள் ஆகிவிடுவாள்."

துரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "எனக்கு இவர்கள்மேல் அனுதாபம் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? இது ஜொகூர் தீர்க்கிற விஷயம் இல்லை. உலக நாடுகள் சேர்ந்து தீர்க்க வேண்டியது. ஜெனீவாவில் சர்வதேச சங்கம் இருக்கிறது. போன வருஷமே ஜப்பானைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். இலண்டனும் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே சுரங்கத்துத் தொங்கான்கள், தட்டையான சரக்குப் படகுகள், ஆற்றிலிருந்து வரிசையாக வெளியே வந்தன. சிவப்பு மண்ணைக் குவியல் குவியலாகச் சுமந்துகொண்டு, அகதிப் படகை உரசுவதுபோல் கடந்து, தூரத்தில் நின்ற ஜப்பானியக் கப்பலை நோக்கிப் போயின. அவற்றை யாரும் நிறுத்தவில்லை. துரை ஒரு தொங்கான்காரனுக்குக் கையைக்கூட அசைத்தார்.

காலியாகத் திரும்பிய தொங்கான் ஒன்றில் அய்யாவு கங்காணி நின்றான். ஜப்பானுக்கு மண் வெட்டமாட்டோமென்று சீனத் தொழிலாளிகள் சுரங்க வேலையை உதறிவிட்டுப் போனபோது, தோட்டத்துத் தமிழாட்களைக் கூட்டிவந்து மண் ஏற்றியவன் அவன்தான். தவமணி கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அய்யாவு, இஞ்ச கொண்டுவந்து கட்டுங்கோ. ஒரு பொம்பிளை பிள்ளை பெற ஏலாமல் கிடக்கிறா. பரந்த இடம் வேணும்."

"மிஸ்ஸி, துரை நிக்கிறாரு…"

"துரை கரையிலதான் இறங்கக்கூடாதெண்டவர். உங்கட தொங்கான் கரை இல்லைத்தானே?"

அய்யாவு துரையைப் பார்த்தான். துரை வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அது சம்மதமா, இல்லையா என்று சொல்ல முடியாத திரும்பல். அய்யாவு கயிற்றை வீசினான்.

ஆனால் ஆ செங் வழியை மறித்துவிட்டான். பலகையில் அப்பியிருந்த சிவப்பு மண்ணைக் கண்டதும் அவன் முகம் கோணியது. "இதிலா? என் அம்மாவைக் கொன்ற மண்ணிலா?" என்று மலாயில் கத்தி, தொங்கானை நோக்கிக் காறித் துப்பினான். எச்சில் அய்யாவுவின் காலடியில் விழுந்தது.

"நாங்க ஏத்தலேன்னா ஜாவாக்காரன் ஏத்துவான். நாங்க என்ன குண்டா போட்டோம்?" என்றான் அய்யாவு, யாரும் கேட்காமலே.

"வாயை மூடுங்கோ. வந்து ஒரு பக்கம் பிடியுங்கோ," என்றாள் தவமணி.

கீழிருந்து மனைவியின் அலறல் கேட்டது. ஆ செங் வழியை விட்டான். அவனும் அய்யாவுவும் அவளைச் சாக்கோடு தூக்கினார்கள். மண்ணின்மேல் அய்யாவு தன் வேட்டியை அவிழ்த்து விரித்துவிட்டு, அரைக்கால்சட்டையோடு நின்றான்.

தவமணி உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் திருப்பப் பாடுபட்டாள். வெயில் முதுகில் கொதித்தது. துரை நாகரிகமாகத் தன் விசைப்படகைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டார். பிள்ளை பிறந்தது, பெண். அழவும் அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. வேட்டியை நனைத்து, மண்ணில் இறங்கி, பலகை இடுக்கு வழியாக ஓடியது. ஆஸ்பத்திரி மேசையில் கிடந்திருந்தால் பிழைத்திருப்பாள். தவமணி இதை உரக்கச் சொன்னாள், ஆங்கிலத்தில், துரைக்குக் கேட்கும்படி. அவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் யோசித்து ஒரு ஏற்பாடு சொன்னார். பிணத்தைக் கரையில் புதைக்கலாம், செத்தவர்களுக்குத் தடையில்லை. குழந்தை ஜொகூர் எல்லைக்குள் பிறந்திருப்பதால் அதையும் கொண்டுபோகலாம். புருஷன் மட்டும் படகுக்குத் திரும்ப வேண்டும். தண்ணீரும் அரிசியும் அரசாங்கமே கொடுக்கும். சொல்லிவிட்டு அவர் தவமணியின் முகத்தைப் பார்த்த விதம், நன்றியை எதிர்பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் அதை மலாயில் ஆ செங்கிடம் சொன்னாள். சொல்லும்போதே அந்த வார்த்தைகள் வாயில் மலம்போல் பட்டன.

அவன் கேட்டான்: "நானும் செத்தால் இறங்கலாமா?"

துரை என்னவென்று விசாரித்தார். தவமணி மொழிபெயர்த்தாள். துரை சங்கடத்தோடு சிரித்தார்.

படகில் குழந்தைக்குப் பால் கொடுக்க யாருமில்லை. ஆ செங்குக்கு அது தெரிந்திருந்தது. பிள்ளையின் நெற்றியில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, தவமணியின் கையில் கொடுத்தான். "சியூ லான்," என்று பெயரைச் சொன்னான். அவள் சரியாகச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தான். பிறகு தன் படகில் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மறுநாள் அரசாங்கப் படகு அவர்களைக் கடலுக்குள் இழுத்துப்போய் விட்டது. அந்தப் படகு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தவமணி பின்னாளில் மலாக்காவிலும் பினாங்கிலும் விசாரித்துப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணை ஊர்ச் சீனர்கள் புதைத்தார்கள். தொங்கானைத் தீட்டாக்கிவிட்டான் என்று சுரங்க மேலாளர் அய்யாவுவை வேலையிலிருந்து நீக்கினார். அவனுடைய ஆட்கள் வேறொரு கங்காணியின் கீழ் அடுத்த நாளே மண் ஏற்றினார்கள். அவன் பெக்கான் நானாஸுக்கு அன்னாசி வெட்டப் போகுமுன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான்.

"நம்ம ஆளுங்ககிட்ட மண்ணு ஏத்தாதீங்கன்னு சொல்லிப் பாத்தேன் மிஸ்ஸி. யாரும் காதுல போட்டுக்கல. நான் மட்டும் என்ன, அன்னிக்கு வரைக்கும் ஏத்துனவன்தானே," என்றான். குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இரண்டு வாரம் கழித்து, சீன நிவாரணத்துக்காக ஹாலம் துரைசானி வீட்டில் தேநீர் விருந்து. குழந்தையைக் கொண்டுவந்து விருந்தினருக்குக் காட்டினால் மனம் இளகி நிறையக் கொடுப்பார்கள் என்று தவமணிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் போனாள், தனியாக. புல்வெளியில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கேக், காகிதக் கொடிகள். கூட்டத்தில் சுரங்கத்தின் ஜப்பானிய மேலாளரும் இருந்தார். துரைசானி அவருக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை எங்கே, மிஸ் தவமணி?"

"தூங்குகிறாள்."

"ஐயோ, எல்லாரும் ஆசையோடு காத்திருக்கிறார்களே!"

தவமணி மேலாளரைப் பார்த்தாள். பிறகு துரையைப் பார்த்தாள். "அவளுடைய அப்பாவைக் கேட்டுக் கூட்டிவந்திருப்பேன். அவரை நீங்கள் கடலில் விட்டுவிட்டீர்கள்," என்றாள். துரை நயமாக ஏதோ ஆரம்பித்தார்: அரசாங்கங்கள், கடமை, காலம் கனிய வேண்டும் என்று. அவள் முடியும்வரை நிற்கவில்லை. வாசல் தாண்டி, கால்வாயோரமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

மாதம் முடிவதற்குள் அவளைக் கெலாங் பாத்தாவுக்கு மாற்றினார்கள். நடத்தை சரியில்லை என்பது காரணம். அவள் ஒரு தகரப் பெட்டியோடும், தோளில் சியூ லானோடும் பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்த மலாய்க்காரி, "யாருடைய பிள்ளை?" என்று கேட்டாள்.

"லிம் ஆ செங்குடையது," என்றாள் தவமணி.