காயாத நாய்க்குச் சொந்தக்காரர்

பொன்னையாவின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிய பகலில், 1971 ஆவணி இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை, அவர்கள் தெமோதரை ஸ்டேசனில் விட்டுவிட்டுப் போன பெட்டை நாய் கடல் தண்ணீரில் நனைந்தது. மழை இல்லை. ஆவணியில் அந்த ஊவா மலைப் பக்கத்துக்குக் கச்சான் காற்றுதான் உண்டு. அது துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய வைத்துவிடும் காற்று. காய்ந்த சிமெந்தில் படுத்திருந்த நாய், மயிரெல்லாம் உடம்போடு ஒட்டச் சொட்டச் சொட்ட எழுந்து நின்று, ஒருமுறை உதறிப் போட்டரின் காற்சட்டையை நனைத்தது. போட்டர் அதை ஏசினான். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும், பதின்மூன்று வருசம், அந்த நாய் காயவில்லை.

ஸ்டேசனை ஒட்டித் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஜுனைதீன் அதைக் கண்டெடுத்தார். கண்டெடுத்தார் என்பதைவிட, அது அவருடைய கடை வாசலில் வந்து படுத்தது என்பதே சரி. யாருடைய நாய் என்று அவருக்குத் தெரியாது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத்துச் சனங்களை ஏற்றிய கோச்சியை அந்த வருசங்களில் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் ஊரில் சொன்னார்கள். தகரப் பெட்டி ஏறியது, அம்மிக்கல் ஏறியது, பயணக் கடதாசி இல்லாததால் நாய் ஏறவில்லை. தெமோதரையில் ஒவ்வொரு கோச்சியும் இரண்டு தரம் கேட்கும். பதுளையிலிருந்து வருவது முதலில் ஸ்டேசனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி மேடைக்கு ஏறி வரும். காலுக்குக் கீழே சத்தம் கேட்டதும் நாய் எழுந்துவிடும். கோச்சி மேலே வந்து சேரும் வரை மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும். வந்ததும் கோச்சிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மோந்துவிட்டு, மறுபடி கடை வாசலுக்கு வந்து சுருண்டுகொள்ளும். ஒரு மாதத்தில் ஜுனைதீனுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே காலடி அதிர்ந்தால் கோப்பையைப் போட்டது போட்டபடி வெளியே போய்விடுவார்.

போனது வேடிக்கை பார்க்க அல்ல, கூவுவதற்கு. கண்டெடுத்த பொருளை ஒரு வருசம் நாலு பேர் கூடுகிற இடத்தில் அறிவிக்க வேண்டும், உரியவர் வராவிட்டால்தான் எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கற்றிருந்தார். முன்பு ஒரு குடைக்கு அப்படி ஒரு வருசம் அறிவித்திருக்கிறார். அதே விதமாக நாய்க்கும் தொடங்கினார், யாரையும் கேட்கவில்லை. "நாய் ஒண்டு கெடச்சீக்கி. பெட்டை. வலது காது வெள்ளை. உரியவங்க வந்து எடுங்க" என்று பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போவார். அழுதுகொண்டிருந்த சனங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்கள்.

நாயை வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை இருக்கவில்லை. ஆள் கிடைத்தால் தொல்லை விட்டது என்றுதான் அலைந்தார். காய்ந்த நாய் காய்ந்த சாரத்தில் உரசினால் குற்றமில்லை. ஈரநாய் பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். இந்த நாயோ காய்வதே இல்லை. படுத்த இடத்தில் குளம் கட்டியது, நடந்த இடத்தில் கோடு இழுத்தது. லுஹர் தொழுகைக்கு முன்னால் ஒரு சாரம், அஸர் தொழுகைக்கு முன்னால் ஒரு சாரம் என்று அவருடைய மனைவி ஸைனப் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவும் மண்ணுக்காகக் கடைக்குப் பின்னால் இருந்த மேட்டை வெட்டி வெட்டி ஆறு மாதத்தில் அங்கே ஒரு சமதரை உண்டாகிவிட்டது. அதில் அவள் போஞ்சி நட்டாள். தொழுகையில் நிற்கும்போதும் ஜுனைதீனுக்கு மனம் நிற்கவில்லை. பட்டதோ படவில்லையோ என்று தொழுது முடித்து ஸலாம் கொடுத்த கையோடு சாரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார்.

கடைசியில் பக்கத்துத் தக்கியாவில் தொழுவிக்கிற இப்றாஹீம் லெப்பையிடம் போனார். லெப்பை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாய் சாமானில்ல ஜுனைதீன். கொடைக்குக் கூவலாம், நாய்க்குக் கூவ யார் ஒங்களுக்குச் செல்லினது?"

"தொடங்கிட்டன் லெப்பை. ஒரு வருசம் எண்டா ஒரு வருசம்."

"அப்ப கூவுங்க. தண்ணி குடுங்க, சோறு போடுங்க, அது நல்லதுதான். ஊட்டுக்குள்ள எடுக்க வாணாம். ஆனா காயவே காயாத நாய்க்கு நான் எந்தக் கிதாபப் பாத்துச் செல்ல? ஒங்கட சாரத்த நீங்கதான் கழுவணும்."

கூவியதால் ஒரு காரியம் நடந்தது, அவர் நினைத்ததற்கு நேர்மாறாக. தெமோதரைக் கடைக்கார நானா நாய்களை வாங்கிக்கொள்கிறார் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. கப்பலுக்குப் போகிற சனங்கள் ஒரு கோச்சி முந்தி வந்து, நாயைக் கடைத்தூணில் கட்டி, முன்னால் ஒரு சோற்று உருண்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்கள். "நான் கேக்கல்ல, நான் ஆள் தேடுறன்" என்று அவர் பின்னால் ஓடிச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த நாய்களும் நாலைந்து நாள் காய்ந்து கிடந்து, பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகலில் நனைந்தன. 1972 முடிவதற்குள் முதல் நாயோடு சேர்த்து ஏழு நாய். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஈரம் கூடியது. வாசல் கல்லில் வெள்ளையாகப் படிந்ததை ஸைனப் அகப்பையால் சுரண்டி எறிந்தாள்.

கொழுந்து எடுக்கிற வேலாயி, பொன்னையா இருந்த லயத்து வரிசை அறைகளில் பக்கத்துக் காம்பராக்காரி. அவளுக்கு 1972 ஆனியில் அக்கரையில் மண்டபம் கேம்பிலிருந்து பொன்னையாவின் பெண்சாதி அங்கம்மா எழுதுவித்த கடிதம் வந்தது. வேலாயிக்கு எழுத்துத் தெரியாது, கடைக்குக் கொண்டுவந்து ஜுனைதீனிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். கேம்புக்குப் பிறகு வந்து சேர்ந்த ஆட்கள், தெமோதரையில் ஒரு நானா வெள்ளைக்காது நாய்க்கு ஆள் தேடிக் கூவுகிறார் என்று சொன்னார்களாம். "அது எங்க ரோசிதான். அது தொலைஞ்சு போகலைன்னு நானாகிட்ட சொல்லு. நாங்கதான் விட்டுட்டு வந்தோம். கப்பல்ல ஏறயில மத்தியானம், அலைத்தண்ணி மேல அடிச்சிச்சு, அப்ப அத நெனச்சேன்." கீழே கப்பலேறிய திகதியையும் எழுதுவித்திருந்தாள். போட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவனுடைய காற்சட்டை நனைந்ததும் அதே வெள்ளிக்கிழமைதான்.

வேலாயி குனிந்து நாயின் முதுகை வழித்து, விரலை நாக்கில் வைத்தாள். "கடல்தாங்க நானா" என்றாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. ஜுனைதீனும் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் வருசம் முடியும்வரை கூவினார். முடிந்த நாளில் கூவுவதை நிறுத்தினார், ஆனால் நாயைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "ஆக்கள் இந்தியாவுல ஈக்கிறாங்க. நான் பாத்துக்கொண்டு ஈக்கிறன், அவ்வளவுதான்" என்றார். தக்கியாவில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. நாய்க்காரன் என்று அந்தப் பெயர் மாறுவதை நினைத்தால் அவருக்கு இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

1973 பங்குனியில் பூனாகலைப் பக்கம் விசர்நாய் கடித்து ஒருவர் செத்தார். உரியவர் இல்லாத நாய்களைச் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. உரியவர் இருந்தால் புத்தகத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நாயின் கழுத்தில் தகரத்துண்டு கட்டுவார்கள். சுடுகிற ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துவக்கோடும் புத்தகத்தோடும் தெமோதரைக்கு வந்து, முதலில் ஒரு பிளேன்டீ குடித்தார். கடைக்குள் வேலாயி உட்பட ஐந்தாறு பேர் இருந்தார்கள். வாசலில் ஏழு நாயும் சொட்டிக்கொண்டிருந்தன.

"முதலாளி, இது யார் நாய்?"

"இது பொன்னையாட. அது அழகையாட. அந்தா கட்டையானது இராக்கம்மாட" என்று ஜுனைதீன் ஏழையும் காட்டிச் சொன்னார்.

"அவங்க எங்க?"

"இந்தியாவுல."

"இந்தியாவுல ஈக்கிற ஆளுக்கு இங்க நாய் இல்ல" என்று சொல்லி அந்த ஆள் கோப்பையை வைத்துவிட்டுத் துவக்கை எடுத்தார். அவர் கெட்ட மனுசன் இல்லை. புத்தகத்தை விரித்து, யாராவது ஒரு பெயர் சொன்னால் போதும் என்று சுற்றிலும் பார்த்தார். வேலாயியைப் பார்த்தார்.

"எனக்குப் பாஸ்போட் வந்திருச்சுங்க. வர்ற மாசம் போறேன். நான் பேரு குடுத்து என்ன செய்ய?" என்றாள் அவள். பிறகு ஜுனைதீன் பக்கம் திரும்பி, "ஏன் நானா, ஒரு வருசமா கோச்சி கோச்சியா ஏறிக் கூவுனீங்களே, இப்ப மட்டும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஸைனப் உள்ளேயிருந்து சாரம் கழுவிய கையோடு வந்து நின்றாள். ஜுனைதீன் நாய்களைப் பார்த்தார், தக்கியா இருக்கிற பக்கம் பார்த்தார், சுடுகிறவருடைய விரலைப் பார்த்தார். அந்த நேரம் காலுக்குக் கீழே கோச்சி வந்தது. ஏழு நாயும் எழுந்தன. ரோசி ஓடத் தொடங்கியதும் துவக்கின் வாய் அதன் பின்னால் நகர்ந்தது.

"என்ட" என்றார் ஜுனைதீன்.

"எது?"

"ஏழும். எழுதுங்க. நாய்க்குச் சொந்தக்காரர் முகம்மது ஜுனைதீன், தேத்தண்ணிக் கடை, தெமோதரை. எங்க கையெழுத்து வைக்கோணும்?"

ஏழு தரம் வைத்தார். தகரத்துண்டுகளைக் கட்டிவிட்டுச் சுடுகிறவர் தெமோதரையில் ஒரு குண்டும் செலவழிக்காமல் அடுத்த ஸ்டேசனுக்குப் போனார். அன்றைக்காவது நாய்கள் காயும் என்று ஸைனப் எதிர்பார்த்தாள். அவை காயவில்லை. அஸருக்குப் போகப் புறப்பட்ட ஜுனைதீனுடைய சாரத்தின் ஓரம் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. வேறு கட்டினார், அதுவும் நனைந்தது. மூன்றாவதும் நனைந்தபோது ஸைனப் அதை மோந்து பார்த்துவிட்டு, "இது நாய்ட இல்ல. ஒங்கட" என்றாள். மண் எடுக்கப் போகவில்லை.

அவர் அப்படியே தக்கியாவுக்குப் போய், நடந்ததைச் சொல்லி வெளியே நின்றார். லெப்பை அவருடைய காலடியில் தேங்கியதைக் குனிந்து பார்த்தார். கடல் தண்ணீர் சுத்தமானது, அதில் அவருக்குக் கேள்வி இல்லை. உள்ளே போய்க் கடைசி வரிசையின் ஓரத்தில் பாயைச் சுருட்டிவிட்டு ஒரு சாக்கை விரித்தார். ஜுனைதீன் அந்தச் சாக்கில் நின்று தொழுதார். ஒன்றரை வருசத்தில் அன்றுதான் அவர் ஸலாம் கொடுத்த பிறகு ஓரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. நாய்க்கார நானா என்று பெயர் வந்தது உண்மை. அதைச் சொன்னவர்களும் அவருடைய கடையில்தான் பாண் வாங்கினார்கள்.

வேலாயி சித்திரையில் போனாள். அவளுடைய நாயும் சேர்ந்து எட்டானது. பிறகு பதினொன்று, பத்தொன்பது, ஒரு காலத்தில் முப்பது. தேயிலைத் தோட்டம் கைமாறியது, துரை மாறினார், பாணுக்கு நின்ற வரிசை நீண்டது, குறைந்தது, ஸ்டேசன் மாஸ்டர்கள் வந்து போனார்கள். 1984இல் சண்டையால் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு கப்பலேறாமல் வேறு பக்கம் போனவர்கள் கட்டிவிட்டுப் போன நாய்கள் காய்ந்தே கிடந்தன. ரோசி அந்த வருசம் செத்தது, ஈரமாகவே புதைத்தார்கள். ஜுனைதீனுடைய கால் காயவில்லை. வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், அவருக்கு அப்படித்தான் என்று சொல்வார்கள். கடையில் அரசியலோ கொழுந்து விலையோ பேசிக்கொண்டிருக்கிறவர்கள், அவர் இரண்டு கையிலும் தேத்தண்ணியோடு பெஞ்சிப் பக்கம் வரும்போது, பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் தூக்கி மேலே வைத்துக்கொள்வார்கள்.